பால்கனித் தோட்டம்: செடிக்கு முன் எடை

நவி மும்பையின் நெருள், சிட்கோ நிறுவனம் வகுத்த நகர்த்திட்டத்தில் உருவான பகுதி. சிறு முற்றத்தோடு கூடிய வரிசை வீடுகள் அங்குச் சில உண்டு. எனினும் அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களுக்குத் தோட்டம் என்பது பால்கனியே. எந்தச் செடி வைப்பது என்ற கேள்வியிலிருந்துதான் பலரும் தொடங்குகின்றனர். எவ்வளவு எடை வைக்கலாம் என்பதிலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறோம்.

வீட்டுப் பால்கனி தாங்க வேண்டிய பாரமாக இந்தியத் தர நியமம் ஐ.எஸ். 875 குறிப்பது சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ. அங்கு நிற்கும் மனிதரும் நாற்காலியும் சலவை இயந்திரமும் இதில் அடக்கம். ஓரடி விட்டமுள்ள தொட்டி ஏறத்தாழ 15 லிட்டர் மண் கொள்ளும். மழையில் ஊறினால் அம்மண் 25 கிலோ அளவுக்கு நிறுக்கும். ஒரு சதுர மீட்டரில் 9 தொட்டிகளை நெருக்கி வைத்தால் மண் மட்டுமே 225 கிலோ. தொட்டிகள் சிமெண்டாலானவை எனில் ஆள் நிற்பதற்கு முன்பே எல்லை கடந்துவிடும். கம்பி துருவேறிய பழைய கட்டடத்தில் 300 என்னும் கணக்கையும் நம்பலாகாது. வீட்டுவசதிச் சங்கத்தின் வழியே கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டறிதல் நன்று.

இதற்கான தீர்வுகள் மலிவானவை. பிளாஸ்டிக் தொட்டியோ துணிப்பையோ போதும். மண்ணில் பாதிக்குத் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்தால் எடை குறையும். தொட்டிகளைச் சுவரோரமாக வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் ஒன்றும் வேண்டா. ஜூன் மாதத்துக் காற்றில் ஆறாம் மாடியிலிருந்து விழும் தொட்டி விளைவிக்கும் இழப்பைப் பணத்தால் ஈடுகட்ட இயலாது.

தொட்டிக்கடியில் வைக்கும் தட்டுகளில் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூசைக்கென்று அரளி வளர்க்கும் வீடுகள் பல. அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் செம்பருத்தி அதே பணியைச் செய்யும்.

முற்றம் உடையோர் சுவரருகே குல்மோகர் நடுதல் தகாது. கனமழையில் எளிதில் சாயக்கூடிய மரம் அது. ஏற்கெனவே நிற்கும் மரத்தை வெட்ட 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

துளசி, கறிவேப்பிலை, மல்லிகை ஆகியவற்றுக்குக் கடன் தேவையில்லை. வங்கி இதழ் இவ்வாறு சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். உண்மையான செலவு தரையின் நீர்க்கசிவுத் தடுப்பில் இருக்கிறது. அது பழுதானால் கீழ்வீட்டுக் கூரை நனையும். பழுதுபார்க்கும் செலவோடு அண்டை வீட்டாரின் மனக்கசப்பும் சேரும். மழைக்காலம் முடிந்ததும் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிச் சிறு தொகையாகச் சேர்த்தால், தரை உலர்ந்திருக்கும் ஏப்ரலில் அப்பணியை முடிக்கலாம். தொட்டிகள் அதன்பின் வரட்டும்.