முதல் நெடும்பயணமும் குச்சவெளிக் கணக்கும்

வானூர்தி ஓட்டப் பயிலும் ஒருவர் முதன்முதல் தனியே பறந்து மீளும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாளாகும். ஆயின் அவர் கற்ற கல்வியை உண்மையாகச் சோதிப்பது அந்நாளன்று. புறப்பட்ட நிலையம் கண்ணுக்கு மறைந்தபின் பிறிதொரு நிலையத்தை நாடித் தனியே செல்லும் முதல் நெடும்பயணமே அச்சோதனை. அனைத்துலகக் குடிசார் வான்பயண அமைப்பின் விதிப்படி, தனியார் விமானி உரிமம் பெற விரும்புவோர் 270 கிலோமீற்றருக்குக் குறையாத பயணமொன்றைத் தனியே மேற்கொண்டு, வெவ்வேறான இரு நிலையங்களில் இறங்குதல் வேண்டும். இவ்விதியின் கருத்து யாது என்பதை நமக்குப் பழக்கமான கரையோரத்தைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

நெடும்பயணம் என்றவுடன் துணிவையே பலரும் நினைப்பர். 1930ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி ஏமி ஜோன்சன் என்னும் ஆங்கில நங்கை, 'ஜிப்ஸி மொத்' என்னும் சிறு வானூர்தியில் இலண்டனை அடுத்த குரொய்டனிலிருந்து தனியே புறப்பட்டு, மே 24ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். அதற்குமுன் அவர் செய்த மிக நீண்ட பயணம் இலண்டனுக்கும் ஹல் நகருக்கும் இடைப்பட்டதே. இதனைத் துணிவு என்று மட்டும் சொல்லி அமைதல் தகாது. அவர் எஞ்சினைத் தாமே பிரித்துப் பூட்ட வல்லவர். அதற்குரிய அரசாங்கச் சான்றிதழும் பெற்றிருந்தார். துணிவின் கீழே கல்வி இருந்தது.

இனி நம்மூர்ப் பாடத்துக்கு வருவோம். மணிக்கு 80 மைல் வேகமுடைய சிறு வானூர்தியொன்றில் புதிய விமானி ஒருவர் சீனன்குடாவிலிருந்து பலாலிக்குச் செல்வதாகக் கொள்வோம். நிலாவெளி, புறாத்தீவு, இறக்கக்கண்டி வழியாகக் கரையை ஒட்டிச் சென்றால் குச்சவெளி ஏறக்குறைய 20 மைல். அங்கிருந்து முல்லைத்தீவு 37 மைல். முல்லைத்தீவிலிருந்து வடமேற்காகத் திரும்பிப் பலாலியை அடைய 62 மைல். ஆக 119 மைல். காற்றில்லாத நாளில் இஃது 89 நிமிடப் பயணமாகும்.

"கரை தெரிகின்றதே, கணக்கு எதற்கு?" என்று மாணவர் கேட்கலாம். குச்சவெளிக்கு வடக்கே கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் என மூன்று களப்புகள் வரிசையாக உள்ளன. மூடுபனியில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் எளிது. எதிர்பார்த்ததையே கண்டதாக மனம் துணிந்துவிடும். இன்று செய்மதி வழியே இடமறியும் கருவிகள் உண்டெனினும், தேசப்படம், திசையறிகருவி, மணிக்கூடு ஆகிய மூன்றையும் கொண்டு வழியறியும் முறையை மாணவர் இன்றும் கற்கவே செய்கின்றனர். கருவி வாய்மூடும்போது கைகொடுப்பவை அவையே.

ஆகவே குச்சவெளி நம் விமானிக்கு வெறும் ஊரன்று. முதற் சோதனைச் சாவடியாகும். 15 நிமிடத்தில் அவ்வூர் தம் கீழே தோன்றவேண்டும் என்று அவர் புறப்படுமுன் குறித்துள்ளார். வாடைக்காற்று வீசுகின்றது. மணிக்கூட்டில் 15 நிமிடமாகியும் ஊரைக் காணோம். 18ஆம் நிமிடத்தில் அது வலப்புறத்தே 2 மைல் தள்ளித் தெரிகின்றது. காற்று அவரை உள்நாட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டது. 60 மைலுக்கு ஒரு மைல் விலகினால் வழி ஒரு பாகை பிழைத்தது என்பது விமானிகளின் எளிய வாய்பாடு. 20 மைலுக்கு 2 மைல் எனின் 6 பாகை. திருத்தாது சென்றால் பலாலித் தூரத்தில் அப்பிழை ஏறக்குறைய 12 மைலாகப் பெருகும். திசைப்பிழையைத் திருத்துவது எளிது. கடினமானது நேரக்கணக்கு.

இரண்டரை மணி நேரத்துக்குப் போதிய பெற்றோலுடன் அவர் புறப்பட்டார். பலாலியில் இறங்கும்போது 45 நிமிடத்துக்குரியது எஞ்சவேண்டும் என்பது அவர் நிலத்தில் நின்று செய்த முடிவு. 15 நிமிட வழிக்கு 18 நிமிடம் சென்றமையால் முழுப்பயணமும் 107 நிமிடமாகும். எஞ்சுவது 43 நிமிடம். இரண்டு நிமிடமே குறைகின்றது!

இங்கேதான் மனம் பேரம்பேசத் தொடங்குகின்றது. "முல்லைத்தீவுக்கு அப்பால் வழி திரும்பும், காற்று பக்கவாட்டில் வீசும், இழந்த நேரத்தை ஈட்டிவிடலாம்" என்று அது வாதாடும். உண்மையாகவும் இருக்கலாம். ஆயின் அஃது எதிர்பார்ப்பு. 18 நிமிடமோ அளந்து கண்டது. மேலும், குச்சவெளியிலிருந்து மீள 20 மைல் போதும்; முல்லைத்தீவிலிருந்து மீள 57 மைல் வேண்டும். திரும்புதலின் விலை நிமிடந்தோறும் ஏறிக்கொண்டே செல்கின்றது. எனவே, தனியே செல்லும் புதிய விமானி குச்சவெளியில் திரும்புதலே முறை. நிலத்தில் நின்று தெளிந்த மனத்துடன் செய்த முடிவை வானத்தில் ஆசைக்கு விற்றுவிடலாகாது. 270 கிலோமீற்றர் விதியின் உட்பொருளும் இதுவே என நாம் கருதுகின்றோம். திருத்தவும் திரும்பவும் வேண்டிய தருணங்கள் குறுகிய வழியில் வந்து வாய்ப்பது அரிது.

இத்தகைய மனவடக்கத்துக்கு நம் அயல்நாட்டிலும் ஒரு சான்றுண்டு. 1929 பெப்ரவரி 10ஆம் திகதி இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த பரிசை நாடி, 1930இல் அவர் கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பதினேழு வயதினரான அஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். எகிப்து நாட்டின் அபூக்கிரில் எஞ்சினுக்கு வேண்டிய 'பிளக்' இன்றி அஸ்பி தவித்து நிற்கக் கண்ட டாட்டா, தம்மிடமிருந்த உபரியை அவருக்கு ஈந்தார். பரிசு அஸ்பிக்கே கிடைத்தது. 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுசென்று டாட்டா புதுவழி திறந்தார். அஸ்பி 1960இல் இந்திய விமானப்படைத் தளபதியானார். பந்தயத்தின் நடுவிலும் பரிசாசை டாட்டாவின் தீர்ப்பைக் கெடுக்கவில்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

மாணவர்காள், உங்களிற் சிலர் நாளை விமானிகளாகலாம், பலர் ஆகாதிருக்கலாம். எத்தொழிலிற் புகுவீராயினும் உங்கள் வழியிலும் குச்சவெளி ஒன்று வரும். அவ்விடத்தில் மணிக்கூட்டை நோக்குங்கள். அது காட்டுவதை ஒப்புக்கொள்ளுங்கள். திரும்பி வந்தவர் மறுநாளும் புறப்படலாம்.