ஆபத்தை உரிய நேரத்தில் அறிவித்தல்
கிராமக் குழுக்களுக்கான ஒரு பாடம்



அருவி ஆற்று வெள்ளம் மன்னாரில் பெய்யும் மழையால் மட்டும் உண்டாவதில்லை. சிங்களத்தில் மல்வத்து ஓயா என அழைக்கப்படும் இந்த ஆறு சுமார் 164 கிலோமீற்றர் ஓடி, அநுராதபுரத்தைக் கடந்து, தேக்கம் அணைக்கட்டைத் தாண்டி நமது கரையில் கடலோடு கலக்கிறது. அநுராதபுரப் பக்கம் இரவிரவாக மழை பொழிந்து அங்குள்ள குளங்கள் வான் பாய்ந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதும் தண்ணீர் வந்து சேரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இந்த ஆறு பெருகி, நமது மாவட்டத்தின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது.

பழைய ஊரில் எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும், எந்தத் திட்டியில் மாடுகளைக் கட்டலாம் என்பதைப் பாட்டன், பூட்டன் சொல்லித் தந்திருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் கொட்டில் போட்ட குடும்பத்துக்கு அந்த அறிவு கிடையாது. நிலம் புதிது, அயலவரும் புதியவர். ஆகவே ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கும் ஒழுங்கு மற்றவர்களைவிட இவர்களுக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த ஒழுங்கை ஒரு கிராமக் குழு எவ்வாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதே இப்பாடம்.

1. செய்தி எங்கே அறுந்துபோகிறது?

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. சுமார் 15 நிமிடங்களில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிக்கையை அனுப்பியது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான அறிக்கை. இந்து சமுத்திர நாடுகளுக்கு அறிவிப்பதற்கு அன்று ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. அவ்வளவு நேரம் இருந்தும் நமது நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே காலையில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் வேறுவிதமாக நடந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியை அறிந்து ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் இருந்தது. கடல் நிலைமையை நாள்தோறும் ஊருக்கு அறிவிப்பதற்கு ஒலிபெருக்கியும் இருந்தது. அதிலேயே ஆபத்தை அறிவித்தார்கள். ஊரார் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர்.

இரண்டு இடத்திலும் கடல் ஒன்றே. நல்லவாட்டில் கடைசித் துண்டு வழி, அதாவது தகவல் அறிந்தவரிடமிருந்து வீட்டு வாசல் வரையுள்ள வழி, முன்னரே போடப்பட்டிருந்தது. அன்றாடம் பயன்பட்ட ஒலிபெருக்கி ஆதலால் அந்தக் குரலை மக்கள் நம்பினார்கள். ஆபத்து நாளுக்கு மட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்த கருவி அந்த நாளில் வேலை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை.

2. செய்தியில் என்ன இருக்க வேண்டும்?

எச்சரிக்கைச் செய்திகளை எழுதுவதற்கு உலக நாடுகள் பயன்படுத்தும் பொதுவான முறை ஒன்று உண்டு. 2004 இல் வெளியிடப்பட்ட அம்முறை ஒவ்வொரு செய்தியிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. எவ்வளவு அவசரம்? எவ்வளவு கடுமை? எவ்வளவு உறுதி? உடனே வருவதும் நாளை வரக்கூடியதும் ஒன்றல்ல. கண்ணால் கண்டதும் வரலாம் என்று எண்ணுவதும் ஒன்றல்ல. கைத்தொலைபேசிக்கு அறிவித்தல் அனுப்பும் மென்பொருளை அமைப்பவரும், கிராமத்தில் மணி அடிப்பவரும் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம் எழுப்பினால் சில நாட்களில் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இவற்றோடு நான்காவதாக, "நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதற்கும் பதில் வேண்டும். இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலாவது: "ஆற்றின் நீர்மட்டம் உயர்வதால் தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

இரண்டாவது: "தேக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது. இன்றிரவு நமது குடியிருப்புக்கு வரக்கூடும். மாலை 6 மணிக்கு முன் பிள்ளைகளையும் முதியோரையும் பாடசாலைக்குக் கொண்டுபோங்கள். வாய்க்கால் பாதையால் போகவேண்டாம். பெரிய வீதியால் போங்கள். மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு விடுங்கள்."

முதலாவதில் பிழை இல்லை. ஆனால் தான் இருக்கும் காணி தாழ்நிலமா மேட்டுநிலமா என்று அறியாத புதிய குடும்பத்துக்கு அதனால் பயன் இல்லை. இரண்டாவது, நேரம், இடம், பாதை மூன்றையும் சொல்கிறது.

3. எந்த வழியால் அனுப்புவது?

2004 அழிவின் பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தது. 2009 இல் டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்ட கைத்தொலைபேசி எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றும் தொடங்கப்பட்டது.

தொலைபேசியால் எச்சரிக்க இரண்டு முறைகள் உண்டு. குறுஞ்செய்தி, பட்டியலில் உள்ள இலக்கங்களுக்கு ஒவ்வொன்றாகப் போகும். பட்டியல் பழைய ஊரின் பெயரில் இருந்தால் செய்தி அந்த ஊருக்குரியதாகவே வரும். நீங்கள் நிற்கும் இடத்துக்குரியது வராது. செல் புரோட்காஸ்ட் எனப்படும் மற்ற முறையில், கோபுரம் தன் எல்லைக்குள் உள்ள தொலைபேசிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கும். அதற்குப் பதிவு தேவையில்லை. எல்லோரும் ஒரே வேளையில் பேச முயன்று இணைப்புகள் நெருக்கடிப்பட்டாலும் அது போய்ச் சேரும். இடம்பெயர்ந்தவருக்கு இது நல்லது. ஏனென்றால் பெயரைப் பார்க்காமல், ஆள் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது.

ஆயினும் இரண்டுக்கும் சார்ஜ் உள்ள தொலைபேசி வேண்டும். புயல் இரவில் மின்சாரமும் கோபுரமும் போய்விடலாம். ஆகவே ஒரு வழியை மட்டும் நம்பாதீர்கள். மின்கல வானொலி, கோவில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, சைக்கிளில் போகும் இளைஞர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் இணையுங்கள். இத்தனை மணி அடித்தால் இன்ன பொருள் என்பதை எல்லாச் சமயத்தவரும் கூடி முடிவு செய்யுங்கள்.

4. "கேட்டோம்" என்ற பதில்

சுனாமி நாளில் கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிப் போன புகையிரதத்தை நிறுத்துவதற்கு அதிகாரிகள் அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். உரிய நேரத்தில் அங்கே தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கவில்லை. வண்டி பெரலியவுக்குப் போயிற்று. அங்கே 1,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அனுப்புவதோடு எச்சரிக்கை முடிவதில்லை. கேட்டவர் பதில் தரவேண்டும்; பதில் வராவிட்டால் அடுத்த ஆளை நாடவேண்டும்.

பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளரைத் தெரிவு செய்யுங்கள். அவர் இல்லாத வேளைக்கு இன்னொருவரும் வேண்டும். பொறுப்பாளர் பத்து வீட்டிலும் சொல்லிவிட்டுக் குழுத் தலைவருக்கு, "பத்தும் கேட்டுவிட்டன" என்றோ, "இரண்டு வீடு பூட்டியிருக்கிறது" என்றோ அறிவிக்கட்டும். காது கேளாதவர், தனித்து வாழும் முதியவர், வயலில் காவல் இருப்பவர், கர்ப்பிணித் தாய்மார் ஆகியோரின் வீடுகளுக்கு முதலில் போகவேண்டும்.

5. ஆபத்து வராமல் போனால்

2012 ஏப்ரல் 11 ஆம் திகதி மீண்டும் சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய நடுக்கம் ஏற்பட்டது. கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டனர். அழிவுதரும் அலை வரவில்லை. பின்னர் எச்சரிக்கை நீக்கப்பட்டது. இதை ஏமாற்று என்று எண்ணக்கூடாது. அன்று தெரிந்ததைக் கொண்டு சரியானதையே செய்தார்கள். ஆனால் 2018 ஜனவரி 13 ஆம் திகதி ஹவாயில் ஏவுகணை வருகிறது என்ற தவறான அறிவித்தல் தொலைபேசிகளுக்குப் போனது. அதைத் திருத்தும் செய்தி 38 நிமிடங்களின் பின்னரே போய்ச் சேர்ந்தது. எனவே "ஆபத்து நீங்கிவிட்டது" என்ற செய்தியையும் முன்னரே எழுதி வையுங்கள். அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதையும் தீர்மானியுங்கள். வதந்தி கேட்டால் கிராம அலுவலரிடமோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலோ விசாரித்த பின்பே மணியைத் தொடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் தண்ணீர் முதலில் எங்கே ஏறும்? இதை அறிந்த அயலூர்ப் பெரியவர் யார்? அவரை அழைத்து நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்.

2. இரவு 2 மணிக்குச் செய்தி வந்தால் முதலில் எழும்புபவர் யார்? கடைசியாக அறியப்போகும் வீடு எது?

3. விதைநெல், அடையாள அட்டை, காணிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை ஒரே பையில் உள்ளனவா? இடப்பெயர்வில் இவற்றை ஒருமுறை இழந்தவருக்கு இக்கேள்வியின் பாரம் தெரியும்.

4. மாரி தொடங்குமுன் ஒரு ஞாயிறு மாலை ஒத்திகை செய்யுங்கள். மணி அடித்த நேரத்தையும், கடைசி வீடு பதில் சொன்ன நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மாதம் மீண்டும் செய்து, எத்தனை நிமிடம் குறைந்தது என்று பாருங்கள்.