ரெக்சினில் நிறம் நிற்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பட்டயப் படிப்பு)



காரின் வெளிப்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரிந்த பட்டறைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் டோர் பேட், டேஷ்போர்டு ரெக்சின் இவற்றின் நிறத்தை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். "கழட்டிப் போட்டுட்டுப் புதுசா தைச்சிடுங்க" என்றுதான் பதில் வரும். புதிதாகத் தைக்க வசதி இல்லாதவர் என்ன செய்வார்? அதற்கு வழி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். தகரத்தின் மேல் பெயிண்ட் அடிப்பதில் அவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் நான் இந்தப் படிப்பில் சேர்ந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏன்டா, தகரத்துல அடிச்சா வருசக்கணக்கா நிக்கிற பெயிண்டு, ரெக்சின்ல அடிச்சா ஏன் பாளம் பாளமா உரியுது?" பழைய அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டும் ஒருவர், அவர்கள் பட்டறையில் டோர் பேடுக்கு ஆயில் பெயிண்ட் அடித்துக்கொண்டு போனாராம். கோடை வந்ததும் பயணிகளின் சட்டையில் ஒட்டுகிறது என்று திரும்பி வந்தார். முதலாளி கூலியைத் திருப்பித் தரவில்லை. அந்த வருத்தம் அப்பாவுக்கு இன்னும் இருக்கிறது.

அப்பாவின் கேள்விக்குப் பதில் தேடுவோம்.

1. ரெக்சின் என்பது என்ன?

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தின் ஒரு கம்பெனிப் பெயர். அப்போது துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்தார்கள். இன்று நாம் ரெக்சின் என்று சொல்வது பெரும்பாலும் துணிமேல் பி.வி.சி. பூசியது. இதையே வினைல் என்றும் சொல்கிறோம்.

வெறும் பி.வி.சி. தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பானது. 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ சீமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யைக் கொதிநிலை அதிகமுள்ள கரைப்பானில் சூடாக்கினார். கிடைத்தது பசை அல்ல, வளைந்து கொடுக்கும் வினைல்! இப்படி வளையவைக்கும் எண்ணெய் போன்ற திரவத்துக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். நம் மேட்டூரில் 1967-லேயே பி.வி.சி. உற்பத்தி தொடங்கிவிட்டது. அங்கு செய்யப்படும் பேஸ்ட் பி.வி.சி. முக்கியமாகச் செயற்கைத் தோலுக்குத்தான் போகிறது.

2. ஆயில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

அ) தகரம் மடங்காது. ரெக்சின் கை பட்டாலே அமுங்கும், வளையும். காய்ந்து விறைத்த பெயிண்ட் அதோடு வளைய முடியாமல் வெடிக்கிறது.

ஆ) வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு ஏறும்போது பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே கசிகிறது. அது பெயிண்டுக்குள் புகுந்து பிசுபிசுப்பாக்குகிறது. சட்டை ஒட்டியதன் ரகசியம் இதுதான்!

இ) ஆயில் பெயிண்டில் உள்ள டர்பென்டைன் வகைத் தின்னர் வினைலை இளக்காது. ஆகவே பெயிண்ட் மேலே உட்காருமே தவிர, உள்ளே பிடிக்காது.

இதற்கென்று உள்ளது வினைல் கோட்டிங். கடையில் 'வினைல் டை' என்பார்கள். பெயர்தான் டை. துணிச்சாயம் போல் உள்ளே ஊறுவதில்லை, இதுவும் மேல்பூச்சுதான். ஆனால் இதன் ரெசின் வளையும் தன்மை உடையது. இதிலுள்ள கீட்டோன் வகைக் கரைப்பான் வினைலின் மேல்தோலைச் சற்றே இளக்குவதால் பூச்சும் வினைலும் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்கின்றன.

3. செய்முறை

முதலில் பாகத்தின் பின்பக்கம் பாருங்கள். புதிய கார்களில் ரெக்சின் போலத் தோன்றும் பல பேடுகள் வெறும் பிளாஸ்டிக். 'பி.பி.' என்ற எழுத்து இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். அதற்குத் தனிப் பிரைமர் இல்லாமல் எதுவும் ஒட்டாது.

பேடைக் கழற்றி, சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைக்கவும். துணியை அடிக்கடி திருப்புங்கள். இல்லாவிட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவோம். டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கோன் மிச்சமிருந்தால் பூச்சு மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். பாதி வேலை இந்தச் சுத்தத்தில்தான்.

முதல் கோட் பனி படிந்தது போல மெல்லியதாக இருக்கட்டும். கீழே உள்ள பழைய நிறம் தெரிந்தால் பரவாயில்லை. 15 நிமிடம் விட்டு அடுத்தது, குறுக்குவாக்கில். இப்படி மூன்று நான்கு கோட். ஒரே கோட்டில் மூட நினைத்தால் தோலின் வரிவடிவம் அடைந்து, வழுவழுவென்று பொம்மை மாதிரி ஆகிவிடும். வெளிர் நிறத்தைக் கருப்பாக்குவது சுலபம். கருப்பை வெளிராக்கக் கோட் கூடும், சிறு கீறலும் காட்டிக்கொடுக்கும். மழை நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுத்துவிடும்.

வாடிக்கையாளர் வண்டியில் இறங்குமுன், அதே ரெக்சினின் துண்டு ஒன்றில் அடித்து 24 மணி நேரம் வையுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். துண்டை இரண்டாக மடித்துப் பாருங்கள். உரியாமல், வெடிக்காமல் இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்குங்கள்.

4. "முடியாது" என்று சொல்லவேண்டிய இடங்கள்

ஸ்டியரிங், பெடல் ரப்பர் இவற்றுக்கு அடிக்கக்கூடாது, வழுக்கும். டேஷ்போர்டின் மேல்பாகத்துக்கு வெளிர் நிறமோ பளபளப்போ வேண்டாம். அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மறைக்கும். ஏர்பேக் மூடியைத் தொடவே கூடாது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது. சீட்டின் உட்காரும் பகுதியும் உராய்ந்து சீக்கிரம் தேயும். வாங்கும் காசுக்கு முன்பே இதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

5. நம் மூச்சும் முக்கியம்

அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலும், டொலுவீன் 4 டிகிரியிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் எல்லா நாளும் அதைவிடச் சூடுதான்! இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. காரின் தரையிலும் பட்டறைக் குழியிலும் தங்கும். எனவே பாகத்தைக் கழற்றி வெளியே வைத்து அடியுங்கள். அருகில் பீடி, வெல்டிங் கூடாது.

அப்பா 25 வருடமாக மூக்கில் கைக்குட்டை கட்டித்தான் ஸ்ப்ரே கன் பிடிக்கிறார். கைக்குட்டை தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க்தான் வேண்டும். இதை நான் சொன்னபோது, "இத்தனை வருசம் ஒண்ணும் ஆகலையே" என்றார். ஆவி எப்படித் துணி வழியே போகிறது, கரி அதை எப்படிப் பிடிக்கிறது என்று விளக்கிய பிறகு, "இத மொதல்லயே சொல்ல ஆளில்லாம போச்சே" என்றார். இப்போது மாஸ்க் போடுகிறார். பக்கத்தில் வேலை பார்க்கும் பையன்களையும் போடச் சொல்கிறார்.

நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கைவேலை தெரியும். காரணம் சொல்லித்தர அவர்களுக்கு யாரும் இல்லை. நாம் படிக்கும் ஒவ்வொரு பாடத்தையும் வீட்டுக்குப் போய் நம் மொழியில் சொல்வோம். அவர்களிடம் கைப்பக்குவத்தைக் கற்போம். பட்டறையும் வகுப்பறையும் கைகோத்தால் வாடிக்கையாளர் காசும் வீணாகாது, உழைப்பவர் உடம்பும் கெடாது!