தொற்காளின் அங்கிகள்



அப்போஸ்தலர் 9:36-ல் தொற்காள் சீஷி என்று அழைக்கப்படுகிறாள். கிரேக்க மூலத்தில் அந்தப் பெண்பாற்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இங்கே மட்டுமே வருகிறது. ஆனாலும் அவள் பிரசங்கித்ததாக ஒரு வரிகூட இல்லை. லித்தாவிலிருந்து பேதுரு வந்து மேல்வீட்டில் ஏறியபோது, விதவைகள் அழுதுகொண்டே காட்டியது அவள் தைத்துக்கொடுத்த துணிகளைத்தான். யோப்பா துறைமுகப் பட்டணம். அந்த விதவைகளில் சிலருடைய கணவன்மாரைக் கடல் கொண்டுபோயிருக்கலாம் என்று எண்ணுகிறோம். வேதம் அதைச் சொல்லவில்லை.

சென்ற மழைக்காலத்தில், பெண்கள் வார்டில் வயதான ஒரு தாயாரின் கட்டிலருகே நின்று சற்று நீளமாகவே ஜெபித்தோம். ஆமென் சொன்னதும் அவர், "ஐயா, துணி நனைஞ்சு ரொம்ப நேரமாச்சு, ஆயாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். நாங்கள் கண்களை மூடியிருந்தோம். அவர் நடுங்கியதைக் காணவில்லை. ஆயா வந்து முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு, உலர்ந்த விரிப்பைப் போட்டு, "படுத்துக்கோங்கம்மா" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த விரிப்பு உங்களில் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் தைத்தனுப்பியது. ஓரத்திலிருந்த சிவப்பு நூல் தையலால் அறிந்துகொண்டோம்.

இப்போதெல்லாம் முதலில் விரிப்பைத் தொட்டுப் பார்க்கிறோம். பிறகே வேதபுத்தகத்தைத் திறக்கிறோம். அறுபது வயதுக்கு மேல் கற்ற பாடம்! உங்கள் வீட்டிலும் தகப்பனாரோ மாமியாரோ படுக்கையிலிருந்தால், இன்றிரவு குடும்ப ஜெபத்துக்கு உட்காருமுன் அவர்களிடம் போய், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.