மார்பில் வலிக்காத கட்டியா? வடக்கனந்தல் பெண்களே, கவனியுங்கள்!

* மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், குளிக்கும்போது சோப்பு நுரையோடு நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, மார்பு முழுக்க அக்குள்வரை வட்டமாக அழுத்திப் பாருங்கள்.

* கட்டி, தோலில் குழி, காம்பு உள்வாங்குதல், காம்பில் ரத்தக் கசிவு எது தென்பட்டாலும் "வலிக்கலையே" என்று விட்டுவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதே சமயம், எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல.

* 30 வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வரும்போதும் விசாரியுங்கள்.

* மேல் சிகிச்சைக்குச் சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள் கையில் இருக்கட்டும்.

* சந்தேகமா? மருத்துவ உதவி எண் 104-க்கு போன் போடுங்கள்.