ஒரு செயலி எப்படி உருவாகிறது? நிரலின் தடம் பிடித்துப் பார்க்கும் வழி

செயலி எழுதக் கற்றுத்தரும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் வரும் நிரல் எப்போதும் முதல் ஓட்டத்திலேயே பிசகில்லாமல் ஓடிவிடும். நிஜத்தில் நிரலாளரின் பொழுது பழைய நிரலைத் திருத்துவதிலும், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று வாதாடுவதிலும்தான் கழிகிறது. அதைப் பார்க்க, நிரலோடு அதன் வரலாறும் திறந்து கிடக்கும் செயலி ஒன்று வேண்டும். விக்கிப்பீடியாவின் ஆண்ட்ராய்டு செயலி அதற்குத் தோதானது. நிரல் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. வேலைப் பட்டியலும் விவாதங்களும் ஃபேப்ரிகேட்டர் தளத்தில் இருக்கின்றன.

நிரலைத் திறக்கும் முன் செயலியைப் பயன்படுத்திப் பார்த்து, ஒரே ஒரு சிறு வசதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேடல் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரிடம் போய்க் கேட்கிறதா, சற்றுப் பொறுத்துக் கேட்கிறதா? இணையம் அறுந்தால் என்ன செய்கிறது? இந்தக் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி இல்லாமல் உள்ளே போனால் ஆயிரக்கணக்கான கோப்புகளில் தொலைந்து போவீர்கள்.

அடுத்து, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நிறுவி நிரலை இறக்குங்கள். 8 ஜிபி ரேம்கூட இல்லாத கணினி திணறும். அப்படியானால் உலாவியிலேயே படியுங்கள், பெரும்பாலான வேலை நடந்துவிடும். முதலில் மேனிஃபெஸ்ட் கோப்பு: செயலி கேட்கும் அனுமதிகளும் அதன் திரைகளும் அங்கே தெரியும். பிறகு கிரேடில் கோப்பு: இணையத் தொடர்புக்கு ரெட்ரோஃபிட், தரவுத்தளத்துக்கு ரூம் என்று எந்தெந்த நிரல் நூலகங்களை இரவல் வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டும்.

திரையிலிருந்து நிரலுக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. திரையில் தெரியும் ஆங்கிலச் சொல்லை ஸ்ட்ரிங்ஸ் கோப்பில் தேடுங்கள். அதற்கொரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை நிரல் முழுக்கத் தேடினால் உரிய இடத்தில் போய் நிற்பீர்கள். தமிழ்ச் சொற்கள் தனிக் கோப்பில் உள்ளன. அவை டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை. கட்டுரைப் பக்கத்தை வரையும் நிரலைத் தேடிப் போனால் சிறு ஏமாற்றம் காத்திருக்கிறது: அந்தப் பக்கம், செயலிக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூவுக்குள் ஓடும் இணையப் பக்கம்தான்.

உண்மையான புதையல் இதற்குப் பிறகுதான். சுவாரசியமான ஒரு வரியை எடுத்து, கிட்ஹப்பின் 'பிளேம்' வசதியில் பாருங்கள். அந்த வரியை யார், எப்போது, எந்தக் கமிட்டில் (பதிவு செய்யப்பட்ட மாற்றத்தில்) மாற்றினார் என்று தெரியும். கமிட்டிலோ, அதைச் சேர்த்துக்கொள்ளக் கோரும் புல் ரிக்வெஸ்ட்டிலோ பெரும்பாலும் 'டி' என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். ஃபேப்ரிகேட்டரில் அந்த எண்ணைத் திறந்தால் புகார், வடிவமைப்பாளரின் படம், சோதித்தவரின் ஆட்சேபம் எல்லாம் வரிசையாக வரும். புல் ரிக்வெஸ்ட்டில் சக நிரலாளர் என்ன கேட்டார் என்பதையும் விடாதீர்கள். ஒரு பிழையைப் புகாரிலிருந்து தீர்வு வரை பின்தொடர்வது, பத்துக் கோப்புகளை மேலோட்டமாகப் படிப்பதைவிட மேல். ஓர் எச்சரிக்கை: கூகுள் 2017-இல் கோட்லின் மொழியை ஆண்ட்ராய்டுக்கு அதிகாரபூர்வமாக ஏற்ற பிறகு, ஜாவாவில் இருந்த இந்தச் செயலி படிப்படியாகக் கோட்லினுக்கு மாறியது. பல வரிகளில் பிளேம் அந்த மாற்றக் கமிட்டோடு நின்றுவிடும். முதலில் எழுதியவரைக் காண, அதற்கு முந்தைய ஜாவா கோப்பின் வரலாற்றைத் தனியே திறக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு சொல்லையாவது மாற்றி உங்கள் கைபேசியில் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு குழுவின் பழக்கம் எல்லோருடைய பழக்கமும் ஆகிவிடாது. எஃப்-ட்ராய்டு என்ற திறமூலச் செயலிக் கிடங்கில் தனியொருவர் எழுதிய சிறு செயலி ஒன்றையும் இதே வழியில் ஆராய்ந்து பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.