என்பு உருவாகும் இரசாயனம்

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே பயின்றோர் பலர்க்கும் நினைவிருக்கக்கூடிய எளிய பரிசோதனை ஒன்றுண்டு. கோழியின் காலென்பொன்றை வினாகிரியிலே சில நாள் ஊறவைத்து எடுத்தால், அது முறியாது இறப்பர்போல் வளையும். வேறோர் என்பைத் தீயிலிட்டு நன்கு சுட்டால், அது உருமாறாது வெண்ணிறமாய் நிற்கும். ஆயினும், விரலால் அழுத்தியவுடன் நொறுங்கும். முன்னதில் அமிலம் கனிப்பொருளைக் கரைத்தகற்றப் புரதம் எஞ்சியது. பின்னதில் தீ புரதத்தை எரித்தகற்றக் கனிப்பொருள் எஞ்சியது. வளையும் பொருளொன்றும் நொறுங்கும் பொருளொன்றும் கூடி, உடலைத் தாங்கும் வலிய என்பாவது எங்ஙனம்? இவ்வினாவையே ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கனிப்பொருளை நோக்குவோம். 1926ஆம் ஆண்டில் டி யொங் என்பார் எக்ஸ் கதிர்கொண்டு என்பை ஆராய்ந்து, அதன் கனிப்பொருள் அப்பற்றைற்று என்னும் குடும்பத்தைச் சார்ந்ததெனக் காட்டினார். கல்சியமும் பொசுபேற்றும் அதன் முதன்மைக் கூறுகள். பொசுபேற்றின் இடங்கள் சிலவற்றைக் காபனேற்றுப் பிடித்திருக்கும். நம் நாட்டின் எப்பாவலையில் 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பாறைப் படிவும் அக்குடும்பத்ததே. ஆனால், எப்பாவலைக் கல் நீரிலே எளிதிற் கரையாமையால், குறுகிய காலப் பயிர்களுக்கு நேரே உரமாதல் அரிது. என்போ, இரத்தத்திலே கல்சியம் குறையுந்தோறும் தன்னிடமுள்ளதை ஈந்துகொண்டே இருக்கின்றது. இனம் ஒன்றாயிருக்கக் குணம் வேறாவது ஏன்?

பளிங்கின் பருமனே முதற் காரணம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றராகும். என்பின் பளிங்குகள் சில நனோமீற்றர் தடிப்பும், சில பத்து நனோமீற்றர் நீளமுமுடைய மெல்லிய தகடுகள். பொருள் சிறிதாகுந்தோறும் அதன் நிறைக்கேற்ற மேற்பரப்புப் பெருகுமாதலின், இரத்தத்திற்கும் என்பிற்கும் இடையே அயன்களின் கொடுக்கல் வாங்கல் எளிதாகின்றது. பளிங்கிற் கலந்த காபனேற்றும் அதன் கரைதிறனை மிகுவிக்கின்றது.

இனிப் புரதத்தை நோக்குவோம். கொலாசென் மூலக்கூறு ஏறத்தாழ 300 நனோமீற்றர் நீளமுடைய கயிறு போன்றது. இக்கயிறுகள் ஒன்றற்கொன்று 67 நனோமீற்றர் விலகிப் படிப்படியாய் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு மூலக்கூறு முடியும் இடத்திற்கும் அடுத்தது தொடங்கும் இடத்திற்கும் நடுவே ஏறத்தாழ 40 நனோமீற்றர் இடைவெளி உண்டென்னும் கருத்தை, ஹொட்ஜ், பெற்றூஸ்கா என்னும் இருவர் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பளிங்குகள் குடியேறும் அறைகள் இவ்விடைவெளிகளே.

இங்கே வியப்பான ஐயமொன்று எழும். நம் குருதிநீர் அப்பற்றைற்றைப் பொறுத்தமட்டில் மிகைநிரம்பிய கரைசலாகும். அங்ஙனமாயின், நாளமும் தசையும் கல்லாகாது என்பு மாத்திரம் கல்லாவது ஏன்?

விடையின் ஒரு பகுதியை 1923ஆம் ஆண்டில் இலண்டனிலே றொபேட் றொபிசன் கண்டார். வளரும் என்பிலே, பொசுபேற்றைப் பிரித்தெடுக்கும் நொதியமொன்று மிகுந்துள்ளது என்பது அவர் துணிபு. அதுவே காரப் பொசுபற்றேசு. அது பொசுபேற்றை வழங்குவதாலேயே என்பு வளர்கின்றதென அவர் எண்ணினார். 1960களில் ஹேர்பேட் பிளைஷ் முதலியோர் மற்றொரு பகுதியைக் காட்டினர். உடல்நீரிலுள்ள பைரோபொசுபேற்று, சிறிய அளவினதாயினும், பளிங்கு தோன்றாது தடுக்கின்றது. நொதியம் அத்தடையை உடைக்கின்றது. ஆகவே உடலெங்கும் தடை நிற்க, என்பாக்கும் கலங்களின் அருகே மாத்திரம் அது நீங்குகின்றது.

இது வெறும் ஏட்டுக்கல்வியன்று. இந்நொதியம் பிறவியிலேயே குன்றிய குழந்தைகள் உளர். 1948ஆம் ஆண்டில் கனடாவின் இறத்பன் என்னும் மருத்துவர் இந்நோயை விவரித்தார். அக்குழந்தைகளின் இரத்தத்திலே கல்சியத்திற்குக் குறைவில்லை. சிலரில் மிஞ்சியும் இருக்கும். எனினும் விலாவென்புகள் மூச்சிற்கும் துணைசெய்யா. நோய் கடுமையான பச்சிளங் குழந்தைகளிற் பலர் இறந்தனர். கல்சியம் ஊட்டுதல் இங்கே மருந்தாகாது. சிலர்க்கு ஊறும் செய்யும். குறைந்த நொதியத்தை என்பை நாடிச் செல்லுமாறு அமைத்த மருந்தொன்று 2015ஆம் ஆண்டிலே பல நாடுகளின் அநுமதி பெற்றது. பிழையாரெனக் கருதப்பட்ட குழந்தைகள் பலர் அதனாற் பிழைத்தனர். இதற்கு மாறாக, பைரோபொசுபேற்றையே போதிய அளவு ஆக்கமுடியாத குழந்தைகளின் நாடிகள் கல்லாகின்றன. தடை நீங்காமையும் கேடு. தடை இல்லாமையும் கேடு.

தடை நீங்கியபின் நிகழ்வது யாது? கல்சியமும் பொசுபேற்றும் நேரே பளிங்காவதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. 2008ஆம் ஆண்டில், சீபிரா மீன் எனப்படும் சிறு நன்னீர் மீனின் வளரும் செட்டையென்பிலே, ஒழுங்கான உருவற்ற கல்சியம் பொசுபேற்று முதலில் மிகுந்திருத்தல் கண்டறியப்பட்டது. 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஐன்ட்கோவனில், உறைந்த மாதிரிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியாலே நோக்கினர். அவ்வுருவற்ற பொருள் கொலாசென் நாரின் இடைவெளிக்கு அருகே உள்ளே புகுந்து, பின்னரே பளிங்காய் ஒழுங்குபடுதல் புலனாயிற்று. வார்ப்பிலே ஊற்றிய உலோகம் அச்சின் வடிவெடுத்தல் போல, கனிப்பொருள் நாரின் ஒழுங்கைத் தனதாக்கிக் கொள்கின்றது. ஆதலின், வளைவதும் நொறுங்குவதும் ஒன்றனுள் ஒன்று புகுந்து, ஒன்றன் குறையை மற்றது தீர்க்கின்றன.

கல்சியம் உண்டால் என்பு வலுப்பெறும் என்பது உண்மையே. ஆயினும் பாதி உண்மை. பொருளோடு, அது படிதற்குரிய இடமும், தடுத்தலும், காலமறிந்து தடை நீக்கலும் வேண்டும். அடுத்த முறை வினாகிரியிலிருந்து வளையும் என்பொன்றை எடுக்கும் மாணவன், கரைந்துபோன கனிப்பொருளை மாத்திரம் எண்ணாது, அது குடியிருந்த நுண்ணிய அறைகளையும் எண்ணிப் பார்ப்பானாக.